இரண்டு நிமிஷம் நிறுத்திய சைக்கிள்

டாலிகஞ்ச், கல்கத்தா
13.2.2000

அன்பு மகள் மேக்னாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், அங்கே உன் இருமல் நின்றுவிட்டது என்று ஒரு வரி வந்தால் இன்னும் சுகமாக இருப்போம். குளிர் போய்விட்டது, ஆனாலும் எதிர் வீட்டுத் தாத்தா குரங்குக் குல்லாயைக் கழற்றுவதாக இல்லை, சிவராத்திரி வரைக்கும் அது தலையிலேதான் இருக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை அதே அளவில் நிற்கிறது, ரசகுல்லாவை நான் ஒளித்து வைக்கிறேன், அவர் கண்டுபிடிக்கிறார், இப்படியே போகிறது. விருதுநகரிலிருந்து உன் செல்வராஜ் சித்தப்பா எழுதியிருந்தார், மாசியில் வீடு கட்டத் தொடங்குகிறார்களாம், உனக்கும் ஒரு வரி எழுதச் சொல் என்று கேட்டிருந்தார். எழுதிவிடு, பெரிய படிப்பு படிக்கிற பெண்ணுக்கு எங்கள் ஞாபகம் இருக்காது என்று ஊரில் யாராவது சொல்லிவிட்டால் எனக்குத் தாங்காது.

உன் கடிதம் போன மாதக் கடைசியில் வந்தது. பதில் தாமதமாகப் போவதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன். ரொட்டி வாங்க இரண்டு நிமிஷம் நிறுத்தினாயாம், வெளியே வந்தால் சைக்கிள் இல்லையாம். அந்த ஹாலந்து ஊர் லைடனில் மனுஷர்களைவிட சைக்கிள் அதிகம் என்று நீதானே எழுதினாய், அத்தனை இருக்கும்போது உன்னுடையதையா ஒருத்தன் பார்த்து எடுக்க வேண்டும். பூட்டினாயா என்று கேட்டால் உனக்கு மூக்கு மேல் கோபம் வரும், இரண்டு நிமிஷத்துக்கு யாரம்மா பூட்டுவார்கள் என்பாய், அதனால் கேட்கவில்லை. எனக்குப் பொறுக்காமல் போனது சைக்கிள் போனது அல்ல. இனி அந்த ரொட்டிக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போயிருக்கிறது, அந்தத் தெருக்காரர்கள் ஒருத்தரோடும் எனக்குப் பேச்சு இல்லை, சுற்றிக்கொண்டு வேறு கடைக்கு நடக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அதுதான். எனக்குப் பிறந்தவள்தான் நீ, அதில் சந்தேகமே இல்லை. கடைசி வரியில், தினம் தோசை மாவோடு வீட்டுக்கு வீடு இறங்கி ஏறுகிறாயே, நீ எப்படிம்மா உன் வண்டியைக் காப்பாற்றுகிறாய் என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. அதற்குப் பதில் தேடப் போய்த்தான் இவ்வளவும் நடந்தது, அதனால் அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் அணைத்துவிட்டு வந்து உட்கார்.

போன செப்டம்பரில் என் முதல் சைக்கிள் போனது உனக்குத் தெரியும். ஃபோனில் மீட்டர் ஓடுகிற பயத்தில் பாதிதான் சொன்னேன். ஐஸ் ஃபேக்டரி சந்தில் மூன்றாவது மாடியில் தாரா என்று ஒரு வங்காளிப் பெண், முப்பது வயது இருக்கும், புருஷன் மருந்து கம்பெனி வேலையாக ஊர் ஊராகச் சுற்றுகிறவர். தோசை என்றால் உயிர் அவளுக்கு. நான் சைக்கிளில் வருகிற நாளெல்லாம் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள், அக்கா முறை வைத்து, தீதி, பயமே இல்லையா உங்களுக்கு என்று கேட்பாள். அவளுக்கு மாவு கொடுக்கத்தான் போனேன். பின்சக்கரத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மேலே ஏறி, மாவை அளந்து ஊற்றி, இரண்டு வார்த்தை பேசிவிட்டு இறங்கினால், சைக்கிள் நின்ற இடத்தில் மூங்கில் குவியல். துர்கா பூஜைப் பந்தலுக்கு லாரியில் வந்து இறங்கின மூங்கில். இறக்கின ஆட்களைக் கேட்டேன், வெளியூர்க்காரர்கள், தெரியாது என்று தலையை ஆட்டிவிட்டார்கள். சாப்பாட்டு வேளை, சந்தில் வேறு ஈ காக்காய் இல்லை. மேலே போய்த் தாராவிடம் சொல்லக்கூடத் தோன்றாமல் அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

நாற்பத்தாறு வயதில் கற்றுக்கொண்ட சைக்கிள் அது. இரண்டு முழங்காலிலும் தழும்பு இருக்கிறது, நீ பார்த்திருக்கிறாய். அப்பா திட்டவில்லை, அதுதான் மோசம், நான் அப்பவே சொன்னேன் என்கிற முகத்தோடு சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். மாவு விற்ற காசில் நான் இரண்டாவது சைக்கிள் வாங்கி நிறுத்தின அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். இதுவும் போச்சுன்னா சைக்கிளும் வேணாம், மாவு யாவாரமும் வேணாம், பேசாம வீட்ல இரு என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது ஒன்றும் தெரியவில்லை, மறுநாள் முதல் படியில் கால் வைத்ததும் தெரிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் மாவு ஊற்றுகிற கை இங்கே, காது கீழே. உள்ளே வாங்க, உட்காருங்க என்று யார் கூப்பிட்டாலும் நிற்பதில்லை. ஐஸ் ஃபேக்டரி சந்துப் பக்கம் அதற்கப்புறம் கால் வைக்கவில்லை, அங்கே நாலு வீடு மாவு வாங்கும், நாலையும் தலைமுழுகினேன். வருஷா வருஷம் அந்தப் பந்தலுக்குத்தான் போவோம், போன பூஜைக்கு அப்பாவே கூப்பிட்டும் திருட்டுத் தெருவில் எனக்கு என்ன சாமி என்று சொல்லிவிட்டேன். தொலைந்ததைத் தேடித் தருகிற அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைப்பதாக வேண்டிக்கொண்டேன், ஆனால் தேடிப் போகவில்லை. அம்மன் பாவம், அவளேதான் கல்கத்தா முழுக்க அலைய வேண்டும் என்று விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

உன் கடிதம் வந்த பிறகுதான், மற்றவர்கள் எப்படித்தான் சமாளிக்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். நிற்கிற வண்டியைப் பார்த்தால் உடையவரைப் பிடித்துக் கேட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டேன். பேப்பர் போடுகிறவர் வண்டியை நிறுத்துவதே இல்லை, நடைபாதையில் படுக்கப் போட்டுவிட்டு மாடி ஏறுகிறார். ஏன் என்றால், நிற்கிற சைக்கிளுக்குச் சொந்தக்காரன் உள்ளே இருக்கிறான், விழுந்து கிடக்கிற சைக்கிளுக்குச் சொந்தக்காரன் பக்கத்திலேயே இருக்கிறான் என்று திருடன் நினைப்பானாம். பால்காரர் ஒரு பக்கக் கேனை மட்டும் இறக்கிவிடுவார், மறு பக்கம் பாரம் இழுப்பதால் வேற்று ஆள் ஏறினால் இரண்டு அடியில் சாய்ந்துவிடுவானாம். டியூஷன் வாத்தியார் ஒருவர் சீட்டைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போகிறார், பாடம் நடக்கும்போது சீட்டு மேஜை மேல் இருக்குமாம், பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தே கணக்கைக் கோட்டைவிடுமாம். மீன்காரரைக் கேட்டேன், என் வண்டியை யார் தொடுவார், மோந்து பாருங்கள் என்றார், பார்த்தேன், ஒத்துக்கொண்டேன். இன்னொருவர் செயினைப் பல்லிலிருந்து தள்ளி விட்டுவிட்டுப் போகச் சொன்னார், ஏறி மிதிக்கிறவனுக்கு வெறும் பெடல்தான் சுற்றும் என்று. நல்ல யோசனைதான், நானும் செய்து பார்த்தேன், ஆனால் கிரீஸ் கையோடு மாவு ஊற்றப் போனால் எந்த வீட்டில் வாங்குவார்கள், இரண்டாவது வீட்டோடு விட்டுவிட்டேன்.

இவ்வளவு கேட்டும் எனக்கு ஒன்று புரியவே இல்லை. அந்த இரண்டு நிமிஷத்தில் கீழே என்னதான் நடக்கிறது. நாம் மேலே இருக்கிறோம், திருடினவன் சொல்லப் போவதில்லை, பின்னே பார்த்தது யார். இது மண்டையைக் குடைய ஆரம்பித்ததும் ஒரு காரியம் செய்தேன். டிராம் டிப்போவுக்கு எதிரே ஷபானா என்று ஒருத்தி சேலைக்கு ஃபால் தைக்கிறாள், என் சேலையெல்லாம் அவளிடம்தான், அண்ணி முறையில் என்னை பாபி என்பாள். போன திங்கட்கிழமை ரோட்டுக்கு அந்தப் பக்கம் மளிகைக் கடை வாசலில் சைக்கிளைப் பூட்டாமல் நிறுத்திவிட்டு, இவள் கடைக்குள் வந்து தொங்குகிற சேலைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஆமாம், வேண்டுமென்றேதான். போனால் என் சைக்கிளும் போச்சு, யாவாரமும் போச்சு என்று தெரிந்துதான் நிறுத்தினேன், தெரிந்துகொள்ளாமல் தினம் தினம் படியில் செத்துப் பிழைப்பதைவிட இது மேல் என்று தோன்றியது. ஷபானா தலையில் அடித்துக்கொண்டாள். பாபி, நீங்கள் முறைக்கிற முறைப்பில் திருடன் என்ன, கொசுகூட அந்தப் பக்கம் போகாது என்றாள்.

என்ன பார்த்தேன் தெரியுமா. ஒருத்தர் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று செருப்பில் குத்தின முள்ளை எடுத்தார். காலிஃபிளவர் பை வைத்திருந்த ஒருத்தர் அதை என் ஹாண்டில்பாரில் மாட்டிவிட்டு டீ குடித்து, குடித்து முடித்ததும் எடுத்துக்கொண்டு போனார், தன் வீட்டு ஆணியில் மாட்டின பையை எடுக்கிற உரிமையோடு. பள்ளிக்கூடப் பெண் ஒன்று மணியை அடித்துவிட்டு, அடித்தது தான் இல்லை என்பதுபோல நடந்தது. கேரியரில் ஒரு பாட்டியம்மா முட்டைக்கோஸை வைத்துவிட்டுச் சில்லறை தேடினார். நான் இல்லாத நேரத்தில் என் சைக்கிள் இவ்வளவு பேருக்கு உபயோகப்படுகிறதே என்று எனக்கு ஆச்சரியம், ஷபானாவும் தையலை விட்டுவிட்டு வந்து நின்றுகொண்டாள். அப்போது சோடாப் பெட்டி ஏற்றின டெம்போ ஒன்று குறுக்கே வந்து நின்றது. அது நகர்ந்ததும் பார்த்தால் சைக்கிள் இல்லை.

மேக்னா, தொங்குகிற சேலைகளை விலக்கிக்கொண்டு, டிராம் வருகிறதா பஸ் வருகிறதா என்று பார்க்காமல் ஓடினேன். அப்பா முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது, மாவு அரைக்கிற கிரைண்டர் வந்தது, இனிமேல் நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போகிறேன் என்று வந்தது. மளிகைக் கடைக்காரரிடம் நான் கத்தின கத்தலில் அவர் எடை போடுவதை நிறுத்திவிட்டார். நிறுத்திவிட்டு, எட்டிப் பார்த்து, அடிபம்புக்குப் பின்னால் சுவரோரமாகக் கையைக் காட்டினார். அங்கே நிற்கிறது. பெட்டி இறக்க இடம் வேண்டும் என்று டெம்போக்காரர் தூக்கிப் போய்ச் சாத்தியிருக்கிறார். நிழலில்தானே வைத்தோம், உங்கள் வண்டியை யார் தின்னப் போகிறார்கள் என்று அந்த மனுஷர் என்னைக் கேட்கிறார். சீட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். எனக்கு மூங்கில் ஞாபகம் வந்தது. லாரி வந்தால் மூங்கிலுக்கும்தானே இடம் வேண்டும்.

மறுநாள் காலையில் ஐஸ் ஃபேக்டரி சந்துக்குப் போனேன். முனையில் இறங்கி உள்ளே போகத் தைரியம் இல்லாமல் நிற்கிறேன், எதிரே என் சைக்கிள் வருகிறது. மாவுத் தூக்கு ஆடாமல் இருக்க நான் சொல்லி வெல்டிங் வைத்த பச்சைக் கம்பிக் கூண்டு, அதை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டி வருகிறாள். எனக்கு வங்காளியும் வரவில்லை, இந்தியும் வரவில்லை, ஏய், எறங்குடி கீழே என்று நல்ல விருதுநகர்த் தமிழில் ஒரு சத்தம் போட்டேன். பயந்து அப்படியே சாய்ந்து விழுந்தாள். ஓடிப்போய்ப் பார்த்தால் தாரா. முழங்கால் சிராய்த்து ரத்தம் வருகிறது, அதைப் பார்க்கவில்லை அவள், என் கையைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்ட ஆரம்பித்தாள். எங்கே போனீர்கள், உடம்புக்கு என்னமோ என்று நினைத்தோம், மாற்றலாகிப் போய்விட்டீர்கள் என்று நினைத்தோம், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று.

கேட்டுக் கேட்டு விவரம் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு மூங்கில் இறக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று பூஜை நடத்துகிற தெரு கிளப்காரர்கள் சைக்கிளைத் தூக்கித் தங்கள் அறைக்குள் பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். நான் கீழே நின்று அழுதுகொண்டிருந்தபோது அது பத்தடி தள்ளிக் கதவுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. மதராஸி தீதி நாளைக்கு வருவார், அடுத்த நாள் வருவார் என்று வைத்திருந்திருக்கிறார்கள். பந்தல் சாமான் வைக்க அறை வேண்டியிருந்தபோது உருட்டமுடியாமல் பூட்டை உடைத்துத் தாரா பொறுப்பில் விட்டிருக்கிறார்கள், உடைத்ததற்கு என்னிடம் மன்னிப்பு வேறு கேட்கச் சொன்னார்களாம். தாராவும் கிளப்காரர் ஒருவரும் என்னைத் தேடி அலைந்திருக்கிறார்கள். எப்படிக் கிடைப்பேன். நான் எங்கே இருக்கிறேன் என்று அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. கார்டன் ரீச் ஆபீசில் அதிகாரியாக இருக்கிறவர் பெண்சாதி மாவு விற்கிறாள் என்று நாலு பேர் வாயில் விழக்கூடாது, வித்துக்கோ, ஆனா வீட்டைச் சொல்லாதே என்பது அப்பா போட்ட சட்டம். உனக்குத் தெரியாது, உன்னிடம் சொன்னால் நீ அவரோடு சண்டைக்குப் போவாய். நானும் அந்தச் சட்டத்தை ஒழுங்காகக் காப்பாற்றிவிட்டேன், யார் கேட்டாலும் அந்தப் பக்கம்தான் என்று கையைக் காட்டிவிட்டு ஏறிவிடுவேன்.

சைக்கிள் சும்மா நின்றால் துருப்பிடிக்கும் என்று முதலில் எண்ணெய் போட்டிருக்கிறாள் தாரா. அப்புறம் காற்று அடித்திருக்கிறாள். அப்புறம் விடியற்காலையில் மைதானத்துக்குத் தள்ளிப்போய் ஏறிப் பார்த்திருக்கிறாள். இப்போது ஜனவரியிலிருந்து ஆதிகங்கைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு நர்சரிப் பள்ளிக்கூடத்தில் வேலை, ஆட்டோவில் போனால் சம்பளம் ஆட்டோவுக்கே சரியாகப் போகும், இந்த சைக்கிள்தான் அவளுக்கு. சொல்லிவிட்டு ஹாண்டில்பாரை என் பக்கம் நீட்டினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் நீட்டினாள். நான் வாங்கவில்லை. எனக்கு ஒன்று இருக்கிறதே, ஒரே நேரத்தில் இரண்டு ஓட்ட நான் என்ன சர்க்கஸா என்று சொல்லி, ஓட்டும்போது சக்கரத்தைப் பார்க்காதே, ரோட்டைப் பார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வருகிற வழியில்தான் அப்பாவிடம் என்ன சொல்வது என்று கவலை பிடித்துக்கொண்டது. கிடைத்ததையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், இருப்பதையும் பணயம் வைத்திருக்கிறேன், இரண்டும் அவரிடம் கேட்காமல்.

சாயங்காலம் அவர் காபி குடிக்கும்போது ஒன்றுவிடாமல் சொன்னேன், ஷபானா கடையில் ஒளிந்து நின்றதையும் சேர்த்து. நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவது, அழக்கூடாது என்று முன்பே முடிவு செய்துகொண்டு சொன்னேன். வீடு தெரியாமல் தேடினார்கள் என்கிற இடம் வந்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம், பூட்டை ஒடைச்சிட்டாங்கன்னியே, இப்ப அந்தப் பிள்ளைட்ட பூட்டு இருக்கா என்று கேட்டார். இல்லை என்றேன். வெள்ளிக்கிழமை ஆபீசிலிருந்து வரும்போது கரியாஹாட்டில் இறங்கி, நல்ல கனமான சங்கிலியும் பூட்டும் வாங்கி வந்தார். நேற்று என்னோடு அந்தச் சந்துக்கு நடந்து வந்தார். தாராவிடம் கொடுத்துவிட்டு, கேரம் ஆடிக்கொண்டிருந்த கிளப்காரர்களிடம் போய், பதினெட்டு வருஷம் இந்த ஊரில் இருந்தும் திருந்தாத அவருடைய வங்காளியில், என் பேர் வீரபாண்டியன், இந்த தீதி என் மனைவி, எங்கள் வீடு இது என்று கட்டடம், மாடி, கதவு எண் எல்லாம் இரண்டு தடவை சொன்னார். அவர்களில் ஒருத்தர் சரி தாதா, சரி தாதா என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லியும் விடவில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, கேரம் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று காலை நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்கப் போன நேரம் யாரோ கதவைத் தட்டினார்கள். ஐஸ் ஃபேக்டரி சந்திலிருந்து ஒரு பெரியவர், கையில் டிபன் பாக்ஸ், தோசை மாவு இந்த வீட்டில்தானே கிடைக்கும் என்று கேட்கிறார். லுங்கியும் பனியனுமாக அப்பா நிற்கிறார், எதிர் வீட்டுக் கதவு வேறு திறந்திருக்கிறது. இல்லை, வேறு வீடு என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன், கையில் எண்ணெயோடு குளியலறை வாசலிலேயே நின்றுவிட்டேன். அப்பா உள்ளே போய் அண்டாவைத் திறந்து, கரண்டியால் தானே அளந்து ஊற்றினார். பாதி மாவு தரையில். அங்கிருந்தே சத்தமாக, எதிர் வீட்டுத் தாத்தா காதில் நன்றாக விழும்படி, ஏ கல்யாணி, உப்புப் போட்டாச்சான்னு கேக்காரு, என்ன சொல்லட்டும் என்று கேட்டார்.

மேக்னா, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். நான் இப்போது பூட்டுகிறேன், பூட்டிவிட்டுப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறவர்களிடம், டீக்காரரோ மீன்காரரோ யாராக இருந்தாலும், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், மேலே இரண்டு நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் போகிறேன். சொல்லிவிட்டுப் போனால் அங்கே உட்காரச் சொன்னாலும் உட்கார முடிகிறது. உன் சைக்கிள் உண்மையாகவே திருட்டுப் போயிருக்கலாம், எல்லா ஊரிலும் திருடன் உண்டு, அது மூங்கிலுக்குப் பின்னால்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ரொட்டிக் கடைக்கு ஒரு தடவை போ. சண்டை போடவாவது போ. கடைக்காரம்மா பெயரைக் கேட்டுக்கொண்டு, உன் பெயரையும் நீ இருக்கிற வீட்டையும் சொல்லிவிட்டு வா, சைக்கிள் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, உன் வீடு எது என்று அந்த ஊரில் ஒருத்தருக்குத் தெரிந்திருந்தால் எனக்கு இங்கே ராத்திரி தூக்கம் வரும். அரைக்காசு அம்மனுக்கு நாளைக்கு வெல்லம் வைக்கிறேன், உன் பெயரையும் சொல்லியே வைக்கிறேன். காதை மூடிக் கட்டிக்கொண்டு வெளியே போ, வெறும் ரொட்டியைத் தின்று நாளை ஓட்டாதே, நீ நினைத்ததெல்லாம் நடந்து நல்லபடியாக இரு. போய்க் கேட்டாயா என்று உடனே எழுது, அப்பாவும் கேட்கச் சொன்னார்.

ஆயிரம் ஆசிகளுடன்
உன் அம்மா
கல்யாணி வீரபாண்டியன்